திறப்பு விழாவில் மீன் விற்றவர்கள்

பாகுன் ஊர் உண்டானதே எங்கள் படித்துறையால்தான். ஜோலிபா ஆறு அங்கே ஒரு வளைவு வளைந்து போகும். செகூ பக்கத்திலிருந்து நெல்லும், மோப்தி பக்கத்திலிருந்து உப்புப் பாளமும் ஏற்றி வருகிற படகெல்லாம் அந்த வளைவில் ஒதுங்கும். முதலில் மீன் வந்தது. மீனுக்காகப் படகு, படகுக்காகக் கடை, கடைக்காரர்களுக்காகப் பள்ளிவாசல் என்று வளர்ந்து, கடைசியில் நகராட்சி வந்தது. நகராட்சி வந்ததும் எங்கள் வாடை யாருக்கும் பிடிக்காமல் போயிற்று.

கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்றார்கள். படித்துறைக்குப் 'பண்பாட்டுத் துறை' என்று பெயர் வைத்தார்கள். கல் பாவி, விளக்குக் கம்பம் நட்டு, சுற்றிலும் கம்பி வேலி போட்டார்கள். மீன் விற்கிற பெண்களுக்கு லாரி நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஆற்றிலிருந்து அங்கே போவதற்கு ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். கழுதை வண்டியில் மீன் வந்து சேர்வதற்குள் வெயிலில் தொளதொளத்துவிடும். படகில் வருகிற ஜனங்களோ, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது என்று அடுத்த ஊருக்கே போய்விடுவார்கள். அந்த ஒரு வருஷத்தில் எங்களில் பாதிப் பேர் கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

எங்களுக்கெல்லாம் தலைவி கூம்பா சினின்தா. பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். நகராட்சிக்கு நடந்து நடந்து அவள் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். "வாங்கம்மா, உட்காருங்கம்மா, பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, திருப்பித் திட்டியிருப்பாள்.

ஒருநாள் யாதோமோ கிந்தோ கொட்டகைக்கு வந்தான். நகராட்சிக்காகப் பண்பாட்டுத் துறையின் வேலைகளை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தோகோன்காரன், வெங்காயம் பயிரிடுகிற இனம். நாங்கள் போசோ, மீன் பிடிக்கிற இனம். இந்த இரண்டு இனத்துக்கும் கேலி முறை உண்டு. என்ன பேசினாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"என்ன மதினி, மீன் நாத்தம் லாரி ஸ்டாண்டு வரைக்கும் வருது?"

"வெங்காயம் தின்னிக்கு மூக்கு வேற இருக்கா? வந்த விஷயத்தைச் சொல்லு."

அவன் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். அடுத்த வாரம் திறப்பு விழா, தலைநகரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றான். பழைய காலத்துப் படித்துறை எப்படி இருந்தது என்று காட்டுவதற்குப் பத்துப் பதினைந்து பெண்கள் கூடையோடு கரையில் உட்கார வேண்டுமாம்.

"பழைய காலமா? போன வருஷம்டா அது!" என்றாள் கூம்பா.

"சரி, போன வருஷம்தான். புதுத் துணி தர்றோம். மீனுக்கும் ஏற்பாடு ஆயிடுச்சு. மரத்துல செதுக்கி வர்ணம் அடிச்சு வச்சிருக்கோம். உசுரு இருக்கற மாதிரியே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூம்பா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"உங்க அம்மாவுக்கும் சந்தையில மரவெங்காயம் குடுத்து உட்கார வைப்பியா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. பிறகு கேலியெல்லாம் விட்டுப் பேசினான். "நான் என்ன செய்யட்டும், சொல்லு. சரக்கெல்லாம் ரோடு வழியாப் போக ஆரம்பிச்சாச்சு. அக்கம்பக்கத்து ஊரெல்லாம் திருவிழா, வெளியூர்க்காரன், ஓட்டல்னு மேல போகுது. நம்ம ஊருல என்ன இருக்கு? நாலு பேரு வந்து பார்த்தாத்தானே உன் பசங்களுக்கு வேலை கிடைக்கும்?"

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமுடியாது. அதுதான் எரிச்சல். கூம்பா கத்தியைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"வர்றோம். ஆனா எங்க மீனோடதான் வருவோம்."

மறுநாள் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டான். விற்கலாமா என்று அவளும் கேட்கவில்லை, விற்கக்கூடாது என்று அவனும் சொல்லவில்லை.

விழாவன்று நாங்கள் புதுத் துணி கட்டிக்கொண்டு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தோம். கல் பாவிய தரை வழுக்கியது. இருந்தாலும் ஆற்றுக் காற்று முகத்தில் பட்டதும் நான் கூடையை இன்னும் தண்ணீர்ப் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டேன். மேடையில் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. இளைஞர்கள் கேமராவோடு வந்து, "பாட்டிம்மா, இந்தப் பக்கம் பாருங்க" என்றார்கள். கூம்பாவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

மேல்பக்கத்திலிருந்து பாய்க்கூரை போட்ட ஒரு பெரிய படகு வந்தது. வாரச் சந்தைக்குப் போகிற கூட்டம். கரையில் எங்களைப் பார்த்துவிட்டார்கள். படித்துறையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் படகோட்டி நேரே கரைக்குத் திருப்பிவிட்டான். காவலாளிகள் கைகாட்டிக் கத்தியதை, கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"கூம்பாக்கா! எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?" என்று கத்திக்கொண்டே ஒருத்தி முட்டளவு தண்ணீரில் குதித்தாள். அவள் பின்னால் படகே காலியாயிற்று.

பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கை தானாக எடைபோட்டது, வாய் தானாகப் பேரம் பேசியது. "இது கெளுத்தியா, கெளுத்தி மகளா?" என்று ஒருவன் கேட்க, "உன் வாயளவுக்கு அது போதும்" என்றாள் கூம்பா. உப்புக்காரன் பாளத்தை இறக்கி வைத்துவிட்டான். பின்னால் வந்த இன்னொரு படகும் ஒதுங்கியது. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. காவலாளிகள் தடியோடு இறங்கி வந்தார்கள். யாதோமோ நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "இருங்க, இருங்க" என்று அவர்களிடமும் எங்களிடமும் மாறிமாறிச் சொன்னான்.

அப்போதுதான் தலைநகரிலிருந்து வந்த பெரிய மனிதர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்து கூம்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன நடிப்பு! என்ன நடிப்பு! அப்படியே நிஜச் சந்தை மாதிரி இருந்தது. வருஷா வருஷம் இதை நடத்தணும்!"

"நடிப்பு இல்லைங்க ஐயா," என்றாள் கூம்பா. "நாங்க நிஜமாவே விக்கிறோம். தினமும் வித்த இடம்தான் இது. எங்களை—"

பக்கத்திலிருந்தவர்கள் அதற்கும் சிரித்துக் கைதட்டினார்கள். அவர் அடுத்த கூடைக்காரியிடம் நகர்ந்துவிட்டார். கூம்பா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.

மறுநாள் காலை அவள் கூடையோடு வேலி வாசலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். காவலாளி மரியாதையாகத்தான் பேசினான். "விழா முடிஞ்சிருச்சேம்மா. அடுத்த வருஷம் சொல்லி அனுப்புவாங்க."

கூம்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உலுக்கினாள். கூடை சரிந்து மீனெல்லாம் கல்தரையில் சிதறியது. நான் குனிந்து பொறுக்கினேன். அவள் அழுததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை. எவனைத் திட்டுவது என்று தெரியாமல் வந்த அழுகை.

அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்குப் போகவில்லை. ஒரு தோணியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனாள். அங்கே மணல்மேடு, நாலு முட்செடி, வேறொன்றுமில்லை. படகோட்டிகளிடம் சொல்லி அங்கே ஒதுங்க வைத்தாள். எல்லாரையும் கூப்பிட்டாள், நாங்கள் ஐந்து பேர்தான் போனோம். பாதி நாள் படகு வரும், பாதி நாள் வராது. வெள்ளம் வந்தால் மேடே முழுகிவிடும். அந்த மூன்று மாதம் பிழைப்பில்லை. பிள்ளைகள் இந்தக் கரையில், அடுப்பு அந்தக் கரையில். இதை நாங்கள் ஜெயித்த கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தண்ணீர் வற்றியிருந்த ஒருநாள் யாதோமோ தோணி பிடித்து வந்தான். கூம்பா மீனைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தாள். அவன் மணலில் உட்கார்ந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைத் திட்டு மதினி," என்றான்.

"முடியாது. கேலி முறைக்காரனைத் திட்டினா அது வேடிக்கை ஆயிடும். எனக்கு வேடிக்கை காட்டிக் காட்டி அலுத்துப்போச்சு."

விறகு தீர்ந்திருந்தது. அவனே எழுந்து போய் முட்செடியை ஒடிக்க ஆரம்பித்தான். கை கீறிக்கொண்டது. கூம்பா பார்த்துவிட்டு அரிவாளை எடுத்து அவன் பக்கம் போட்டாள்.