வாமிட்டோரியம் வைத்த அரங்கம்

நகரசபை கட்டிய நாடக அரங்கம், திறந்த அன்றே, நாடகம் முடிந்த கையோடு பார்வையாளர்கள் அத்தனை பேரையும் வாந்தி எடுத்தது. யாருக்கும் அடிபடவில்லை. காலில் செருப்போடு, மடியில் குழந்தையோடு, உட்கார்ந்திருந்த வாக்கிலேயே எதிர்த் தெருவில் போய் இறங்கினார்கள். நகரசபைத் தலைவர் மட்டும் தையல் கடை மேஜைமேல் விழுந்தார். தையல்காரர் பழக்க தோஷத்தில் அவருடைய இடுப்பை அளந்துவிட்டார்.

தப்பு ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. அரங்கத்தை வரைந்தவர் இன்ஜினியரம்மா. கட்டியவர் அவருடைய கணவர், காண்ட்ராக்டர். வரைபடத்தில் இருக்கைகளுக்கு அடியில் நான்கு இடங்களில் ‘வாமிட்டோரியம்’ என்று அம்மா அழகாக எழுதியிருந்தார். இலத்தீன் சொல், ‘கக்குதல்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்து ரோமாபுரியில், ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தை மளமளவென்று தெருவில் கொட்டுவதற்காக வைத்த அகலமான பாதைக்குத்தான் அந்தப் பெயர். அங்கே மனிதர்கள் போய் வாந்தி எடுத்ததாகச் சொல்வதெல்லாம் பின்னால் கட்டிய கதை. எடுத்தது கட்டடம்; வாந்திதான் மனிதர்கள். காண்ட்ராக்டர் இதையெல்லாம் மனைவியிடம் கேட்டிருக்கலாம். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டார்.

“வாமிட்னா வாந்திண்ணே. இதுகூடவா தெரியாது?”

“நாடகம் பாக்க வர்றவனுக்கு வாந்தி எடுக்க நாலு ரூமாப்பா?”

“இப்ப போடுற நாடகத்துக்கு நாலு பத்தாதுண்ணே.”

அம்மா வெளியூரில் ஒரு பாலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாதங்களில், காண்ட்ராக்டர் நான்கு பாதைகளையும் அடைத்து, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, வாஷ்பேசினும் கண்ணாடியும் பதித்து, கதவுக்கு மேல் அதே பெயரையும் சிமெண்டில் பொறித்து வைத்தார். திறப்பு விழாவன்று காலையில் அம்மா வந்து பார்த்தார். “அகராதியையாவது புரட்டியிருக்கக் கூடாதா?” என்றார். “பொண்டாட்டி எழுதினதுக்கு எவன்டி அகராதி புரட்டுவான்?” என்றார் அவர். அதற்குப்பின் அந்த வீட்டில் இருவரும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

ஆனால் கட்டடம் தன் மேல் எழுதியிருந்ததைச் சரியாகவே படித்திருந்தது. அன்றைக்கு நாடகம் முடிந்து, வழி தெரியாமல் கூட்டம் டைல்ஸ் அறைகளில் முண்டியடித்தபோது ஒரு விக்கல் எடுத்தது, சுவர்கள் உதடு மாதிரி விரிந்தன, எல்லோரும் வெளியே. ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. பஸ்காரர்கள் நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். ஒரே சங்கடம், வெளியே விழுகிறவர்கள் வெகுநாளாக விழுங்கி வைத்திருந்த வார்த்தையையும் சேர்த்துக் கக்கினார்கள். தெருவில் விழுந்த வேகத்தில் மூன்று காதல்கள் வெளிப்பட்டன. மாமியாரும் மருமகளும் வேறு வேறு காட்சிக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அம்மாவுக்குத் தொலைதூர நகரத்தில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டுகிற சத்தம் தாங்காமல் காண்ட்ராக்டர் காலைக் காட்சிக்குப் போனார். எல்லோரும் தெருவில் விழுந்தார்கள், அவர் விழவில்லை. அடுத்த காட்சியிலும் விழவில்லை. நுழைவாசல் வழியாக வெளியேறப் பார்த்தால், நடைபாதை திரும்பவும் அவரை அதே நாற்காலியிலேயே கொண்டுவந்து விட்டது. அரங்கம் ஓயாமல் விக்கியது. நடிகர்களுக்கு வசனம் குழறியது. கடைசியில் வாயில்காப்பாளர் அம்மாவைத் தேடி ஓடினார்.

“அம்மா, சார் தொண்டையில சிக்கிட்டாரு.”

“யார் தொண்டையில?”

“கட்டடத்தோட தொண்டையிலம்மா. தலைவரு இடிச்சுத்தான் எடுக்கணுங்கிறாரு.”

“எனக்குச் சாயங்காலம் ரயிலு,” என்றார் அம்மா. இருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குத்தான் போனார். மேடையில் யாரோ ராஜா செத்துக்கொண்டிருந்தார். அம்மா கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நல்ல வேலை. போயிட்டு வா,” என்றார் காண்ட்ராக்டர். அரங்கம் விக்கியது, அவ்வளவுதான்.

“இது நீங்க முழுங்கினது இல்ல. முழுங்கினதைக் கக்குங்க.”

அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வார்த்தை புரியலைன்னு கேட்டா நீ சிரிப்பியோன்னு இருந்துச்சு. இந்த ஒரு வார்த்தை இல்ல, கல்யாணமான நாளா எல்லா வார்த்தைக்கும் அந்தப் பயந்தான்.”

செத்துக்கொண்டிருந்த ராஜாகூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். “வெளியே போற வழின்னு எழுதினாலே போதும். பந்தாவுக்குத்தான் அப்படி எழுதினேன். நீங்க வந்து எங்கிட்ட கேக்கணும்னும் ஒரு ஆசை.”

அரங்கம் அடிவயிற்றிலிருந்து குமட்டியது. நாடகத்தின் நடுவே, கட்டிய ஆளும் வரைந்த ஆளும் மட்டும், கையைப் பிடித்தபடி தெருவுக்கு மேலே பறந்து வந்தார்கள்.

“ரயில் எத்தனை மணிக்கு?” என்று அவர் பறந்தபடியே கேட்டார்.

“எதுக்கு?”

“அந்த ஊர்லயும் நீ வரையறதை யாராவது தப்பா கட்டணுமில்ல?”

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இறங்கி இருவரும் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். நின்றிருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பெட்டி சற்றுத் தாமதமாக வந்தது. தையல்காரர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை நீட்டி அதைப் பிடித்துக் கீழே வைத்தார்.