கைதட்டலுக்கு விட்ட எட்டு எண்ணிக்கை

ஆறாவது முறையும் அதே இடத்தில் இசை பள்ளத்தில் விழுந்தது. பியானோக்காரி கைகளைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் கோத்துக்கொண்டாள். வேறெங்கு வைத்தாலும் அவை கொழுந்தனின் கழுத்தைத் தேடிப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு.

கொழுந்தன்தான் அந்த ஜாஸ் குழுவின் டிரம்ஸ். சாக்ஸபோன் வாசிப்பவர் பகலில் பல் மருத்துவர். பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நிற்பவனை எல்லாரும் நெட்டை என்றே அழைத்தார்கள். நால்வரும் ஏழு வருடங்களாக ஒரே உணவகத்தின் மூலையில், கரண்டிச் சத்தத்துக்கு நடுவே வாசித்துப் பழகியவர்கள். அந்த மூலையை விட்டு வெளியேற ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஒலிப்பதிவு நிறுவனம் இவர்களுடைய இரண்டு உருப்படிகளை ஏற்றிருந்தது. மூன்றாவது இன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்தால் இசைத்தட்டு வரும். இசைத்தட்டு வந்தால்தான் பெரிய அரங்குகள் திரும்பிப் பார்க்கும். இல்லையென்றால் மறுபடியும் கரண்டிகள்தாம்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு," என்றது ஒலிப்பதிவுக் கூடத்தின் கூரையிலிருந்த ஒலிபெருக்கி. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினார். நடைவழியில், அடுத்த முறைக்காகச் சோப்பு விளம்பரத்துக்குப் பாட வந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டா என்ன?" என்றான் நெட்டை.

"வெட்டு ஒட்டு எதுவும் இல்லாம, மேடையில வாசிக்கிற மாதிரியே வேணும்னு கேட்டிருக்காங்க. ஒப்பந்தத்தைப் படிக்காமலா கையெழுத்துப் போட்டே?" என்றாள் பியானோக்காரி.

"பேனா கேட்டீங்க, குடுத்தேன். அப்புறம் அங்க போடு, இங்க போடுன்னீங்க, போட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் சிறியதுதான்; அதனால்தான் எரிச்சல் பெரிதாக இருந்தது. மருத்துவர் தம் தனி வாசிப்பை முடித்ததும் டிரம்ஸ் ஓர் உருட்டு உருட்ட வேண்டும். அந்த உருட்டின் மேல் ஏறிப் பியானோ புறப்பட வேண்டும். கொழுந்தனோ அந்த இடம் வந்ததும் எட்டு எண்ணிக்கைக்கு உலோகத் தட்டின் விளிம்பைக் குச்சியால் மெல்லச் சொறிந்துகொண்டிருந்தான். அதன் பிறகே, ஏதோ தூக்கம் கலைந்தவன்போல் உருட்டினான். கேட்பவருக்கு அது இசை நின்றுபோன இடமாகவே தோன்றும்.

"ஏன்டா இப்படி உயிரை வாங்குறே? அங்க என்ன தூங்குறியா?"

"நானா? நீங்க கையைத் தூக்குனாத்தானே அண்ணி நான் உருட்ட முடியும்? ஏழு வருஷமா அதானே நமக்குள்ள சைகை?"

"செய்யறதையும் செஞ்சிட்டு என் தலையில கட்டுறியா? உங்க அண்ணனுக்கும் இதே புத்திதான்."

"அவரை ஏன் இழுக்கறீங்க? வீட்ல அவர் எங்க வாயத் திறக்கறாரு?"

"சண்டையை வெளியில வச்சுக்குங்க," என்று மருத்துவர் உதட்டைத் தடவிக்கொண்டார். "இன்னொரு தடவைதான் என் வாய் தாங்கும். அதுக்கு மேல நானே ஒரு டாக்டரைத் தேடணும்."

ஒலிபெருக்கி தயக்கத்துடன் கனைத்தது. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் முடிச்சதும் நீங்க தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பாத்துச் சிரிக்கிறீங்க. லேசா தலையைக் குனிஞ்சு வணக்கமும் வைக்கிறீங்க. எனக்குத்தான்னு நினைச்சு ஆறு தடவையும் நானும் சிரிச்சு வச்சேன்."

நெட்டை தன் காலணியை உற்றுப் பார்த்தான்.

உணவகத்தில் சாக்ஸபோன் ஓய்ந்ததும் கைதட்டல் எழும். அவள் மேசைகளின் பக்கம் திரும்புவாள், சிரிப்பாள், தலை தாழ்த்துவாள், பிறகே கைகளைத் தூக்குவாள். சரியாக எட்டு எண்ணிக்கை. கைதட்டல் அடங்கும்வரை இசையைத் தாங்கிப் பிடிக்கத்தான் கொழுந்தன் அந்தத் தட்டைச் சொறியப் பழகியிருந்தான். இங்கே தட்டுவதற்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் அவள் கழுத்து ஆறு முறை திரும்பி, ஒரு கண்ணாடிக்கு நன்றி சொல்லியிருந்தது.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று ஒலிப்பதிவாளர்மீது பாய்ந்தாள். வேறு யார்மீது பாய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மரியாதையா வணக்கம் வைக்கிறவங்ககிட்ட போய் என்னன்னு சொல்றது?"

கொழுந்தன் சிரிக்கவில்லை. குச்சிகளைப் புறங்கையால் துடைத்தான். அந்த நிதானம்தான் அவளைச் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. மருத்துவர் வாசித்து முடித்தபோது அவள் கழுத்தை ஆணி அடித்ததுபோல் நிறுத்தி, கண்களைக் கட்டைகளிலேயே பதித்து, மூச்சுவிடாமல் நுழைந்தாள். உருட்டு வரவில்லை. ஏழு வருடப் பழக்கம் அவன் மணிக்கட்டையும் விடவில்லை. தட்டின் விளிம்பில் அதே மெல்லிய சொறிதல். ஓங்கி வாசித்தால் தனியாகப் போய் விழுவோம் என்று அவளுக்குப் புரிந்தது. விரல்களை அடக்கி, அந்தச் சொறிதலின் அளவுக்கே பியானோவின் குரலைத் தாழ்த்திக்கொண்டு வாசித்தாள். நெட்டையும் பேஸைத் தணித்தான். எட்டு எண்ணிக்கை முடிந்ததும் வந்த உருட்டு மூவரையும் ஒருசேரத் தூக்கிக்கொண்டு போனது.

விளக்கு அணைந்ததும் அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் நுழைஞ்சுட்டேனே, இப்பவும் ஏன்டா சொறிஞ்சே?"

"கை கேட்கல அண்ணி. உங்க கழுத்து கேட்டுச்சா இத்தனை நேரமா?"

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் எதையோ அழுத்தினார். "போதும், இதையே அனுப்பிடறேன். அந்த இடம் இப்பதான் ஒரு இடமா இருக்கு." சற்று நிறுத்தி, குறைபட்டுக்கொள்வதுபோல் சேர்த்தார்: "இந்தத் தடவை நீங்க இந்தப் பக்கம் திரும்பவே இல்லையே, மேடம்."