மோதிரம் போட்ட சர்பத்

ஹூரியாவுக்கு வாய் நீளம். ஆனால் கொடுப்பதில் கை சுருங்காதவள், அதனால்தான் அவள் வரும்போதெல்லாம் கான்ஸ்டன்டைன் நகரத்தில் எங்கள் கட்டடமே அவளைப் பொறுத்துக்கொண்டது. தம்பி மகள் அன்ஃபாலின் முதல் நோன்பை ரமலான் இருபத்தேழில் நடத்தியே தீருவேன் என்று மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாள். ஜரிகை போட்ட வெல்வெட் உடை, தலைக்குக் கிரீடம், முதல் நோன்பு திறக்கும் பிள்ளையின் சர்பத்துக்குள் எங்கள் வழக்கப்படி போடத் தன் விரலிலிருந்த தங்க மோதிரம், எல்லாம் அவள் பொறுப்பு.

"பிள்ளை ரொம்ப ஒல்லி, அண்ணி. அடுத்த வருஷம் வச்சுக்கலாமே" என்றாள் தம்பி மனைவி வசீலா.

"எட்டு வயசாச்சு! நாங்கல்லாம் இந்த வயசுல மாவும் பிசைஞ்சோம், நோன்பும் வச்சோம். உன் மக என்ன சீமாட்டியா?"

வசீலா எனக்கு எதிர் வீடு. புருஷன் தெற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். அன்று அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். வரவில்லை. அந்த வார்த்தை வலிப்பு.

அன்ஃபாலுக்கு வலிப்பு இருந்தது. பெற்றவர்களையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. பிள்ளை வெளியே உளறிவிடக் கூடாதென்று, காலையும் மாலையும் விழுங்கும் மாத்திரையை வைட்டமின் என்று சொல்லியே கொடுத்து வந்தாள் வசீலா. ஏன் மறைத்தாள் என்று கேட்கத் தேவையில்லை. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கல்யாணப் பந்தலில் வெட்டி வெட்டி இழுத்து விழுந்தபோது, "ஜின் பிடிச்ச வீடு, அங்க யார் பொண்ணெடுப்பா?" என்று ஊரெல்லாம் சொன்னது ஹூரியாதான்.

நோன்பு இந்தப் பிள்ளைக்கு ஆகாது, தூக்கம் கெடக்கூடாது, மாத்திரை ஒருவேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வசீலா போட்ட கணக்கு வேறு. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று, ஒரே நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் நான் ஒரு சட்டி ஜாரி சூப்போடு போனேன். மெத்தைகளை அடுக்கி அதன்மேல் அன்ஃபாலை ராணி மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். உதடு காய்ந்திருந்தது, ஆனால் பெருமையில் முகம் பூரித்திருந்தது. ஹூரியா சர்பத்தில் மோதிரத்தைப் போட்டுத் தயாராக நின்றாள்.

"அன்ஃபால், பாங்கு சொன்னதும் ஒரே மடக்கு. சரியாடி?"

பிள்ளை பதில் சொல்லவில்லை. கண் சுவரில் குத்திட்டு நின்றது. கிரீடம் சரிந்தது. அடுத்த கணம் உடம்பு விறைத்துக் கீழே சாய்ந்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"பிஸ்மில்லா! பசி மயக்கம்! சாவி, சாவி கொண்டா, கையில வை! நீ காலைப் பிடி!" என்று ஹூரியா கத்தினாள். நானும் மடத்தனமாகக் காலை அழுத்திப் பிடித்தேன். அவள் பிள்ளையின் தாடையை நெம்பிக்கொண்டு டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். மோதிரம் விளிம்புக்கு உருண்டு வந்தது.

 வசீலா பாய்ந்து வந்து டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"வாயில எதையும் வைக்காதீங்க! அக்கா, காலை விடு, அமுக்காத! இது ஜின்னும் இல்ல, மயக்கமும் இல்ல. வலிப்பு. என் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு!"

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தன் சால்வையை மடித்துத் திணித்து, கழுத்துக் கொக்கிகளைக் கழற்றினாள். பிறகு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பாங்கு ஒலித்தது.

"நிக்கல. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகுது" என்றாள்.  "யா அல்லா, நிக்கவே மாட்டேங்குது!"

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தெருவில் ஈ காக்கை இல்லை. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் டாக்சிக்கு எங்கே போவது? ஊர் மொத்தமும் சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால். பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

முக்காடு இல்லாமல் வாசற்படி தாண்டாத ஹூரியா வெறுங்காலோடு படியில் ஓடினாள். "பிள்ளை சாகுது! வண்டி இருக்கறவன் எவனாவது வாங்கடா!" என்று ஒவ்வொரு கதவாக உதைத்தாள். கீழே பேக்கரிக்காரர் வாயில் பேரீச்சம்பழத்தோடு வந்து ரொட்டி வேனை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலத்தில் எங்களைத் தவிர ஒரு வண்டி இல்லை. வழியெல்லாம் வசீலா மகள் காதில், "விட்டுட்டுப் போயிடாதடி, போயிடாதடி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபின்தான் இழுப்பு நின்றது.

"கடைசியா மாத்திரை எப்போ குடுத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"சஹருக்கு. என் கையாலதான் வாயில போட்டேன்."

அன்ஃபால் கண் திறக்க வெகு நேரமானது. நாக்கு குழறியது. "அம்மா, என் நோன்பு போயிடுச்சா?"

"போகலடி தங்கம்" என்று ஹூரியா முந்திக்கொண்டாள்.

"போயிருக்காது. மாத்திரையை நான் முழுங்கல அத்தை. வாயில போட்டதும் காலைப் பாங்கு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு பருக்கை உள்ள போனாலும் நோன்பு போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? துப்பிட்டேன். வைட்டமின்தானே."

வசீலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அறையில் வேறு நோயாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அது வைட்டமின் இல்லடி கண்ணு. உனக்கு வலிப்பு வருது. அது வராம இருக்கத்தான் அந்த மாத்திரை."



"சொல்லியிருந்தா முழுங்கியிருப்பேனேம்மா."