நின்ற இடத்திலேயே மிஸ்ஸிங்

என் வண்டியை ஓட்டை வண்டி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று காலை அப்படிச் சொன்னது என் கூடப் பிறந்த அண்ணன்.

"அந்த ஓட்டை வண்டிய வித்துடறேன். மத்தியானம் ஆள் வராரு. நாளையிலேருந்து நீ கடைக்கு வந்து கல்லாவுல உக்காரு. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு, என்ன குறைச்சல்?"

அண்ணனுக்கு டைல்ஸ் கடை. பிக்கப் வண்டி அவன் பேரில் இருக்கிறது, ஓட்டுவது நான். தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு மேட்டுத் தெருவில் வீடு வீடாக இறக்குவது என் பிழைப்பு. கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துப் பல்லிளிக்க எனக்கு வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் நான் மனுஷி.

ஆனால் அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன வாரம் முழு லோடோடு மேடு ஏறும்போது இன்ஜின் விட்டு விட்டு ஓடி மிஸ்ஸிங் அடித்து, இழுவை சுத்தமாகப் போய், வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு வழியாகச் சுவர் ஓரமாக நிறுத்தினேன்.

மெக்கானிக்கிடம் விடாமலா இருந்தேன்? எங்கள் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அவன் ப்ளக் மாற்றினான், இக்னிஷன் காயில் மாற்றினான், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினான். ஒவ்வொரு தடவையும் காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "குதிரை மாதிரி போகுதுக்கா. வயசான வண்டி, மேட்டுல கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்பான். எனக்கும் வயசாகிறது. நான் கேன் தூக்கவில்லையா?

அண்ணனோடு மல்லுக்கட்டாமல் தண்ணீர் டிப்போவுக்குப் போனேன். விற்றாலும் சரி, என்ன கோளாறு என்று தெரியாமல் விடுவதில்லை. முழு லோடு ஏற்றிக்கொண்டேன். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் திணறியது. கேன்களையெல்லாம் இறக்கிவிட்டு மறுபடி மிதித்தேன். சுத்தமாகச் சீறியது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சமதரையில் நிற்கிற வண்டி. சக்கரம் உருளவே இல்லை. மேடாவது மண்ணாவது! மேலே பாரம் இருந்தால் மட்டும் இன்ஜின் ஏன் திணற வேண்டும்?

வண்டியை நேராக அண்ணன் கடை வாசலுக்கு விட்டேன். எந்த இடத்துப் பாரத்தில் திணறுகிறது என்று கேனை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்தால் பொழுது போய்விடும். மனுஷன் என்றால் சொன்ன இடத்துக்கு நகர்ந்து நிற்பான்.

"அண்ணே, அண்ணி, எல்லாரும் பின்னாடி ஏறுங்க" என்றேன். கடைக்கு மேலே மாடியில் தையல் மெஷினில் இருந்த என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். அவர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு இறங்கி வந்தார்.

"எங்கடி ஊர்வலம்?" என்றாள் அண்ணி.

"எங்கேயும் இல்ல அண்ணி. சும்மா நிக்கணும்."

"நான் ஏறி வண்டி உக்காந்துட்டா எம்மேல பழி போடக் கூடாது, சொல்லிட்டேன்."

மூன்று பேரும் ஏறினார்கள். நான் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தபடி, எங்கே நிற்க வேண்டும் என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். முன்பக்கம் நின்றார்கள், இன்ஜின் நன்றாக ஓடியது. வலது மூலை, அதுவும் நன்றாக ஓடியது. இடது பின்மூலைக்குப் போனார்கள். இன்ஜின் இருமி, உதறி, அணையப் பார்த்தது.

"அப்படியே நில்லுங்க! இப்ப ஒவ்வொருத்தரா இறங்குங்க!"

என் வீட்டுக்காரர் இறங்கினார், திணறல் நிற்கவில்லை. அண்ணி இறங்கினாள், அப்பவும் நிற்கவில்லை. மூலையில் அண்ணன் மட்டும் தொந்தியும் தானுமாக நின்றான். "குதிண்ணே" என்றேன். குதித்தான். இன்ஜின் சீறியது.

"மறுபடி ஏறு."

ஏறினான். திணறியது.

"அடேயப்பா! ஆள் பாத்து மக்கர் பண்ணுதே!" என்று அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது.

சாக்கை விரித்து அடியில் புகுந்தேன். அடிச்சட்டமான சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர்கள் தேய்ந்து அப்பளமாகியிருந்தன. இடது பின்மூலையில், தளத்திலிருந்து ஒரு போல்ட் விரல் நீளத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனிக்கு நேர் கீழே இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற ஹோஸ். மேலே பாரம் விழுந்தால் போல்ட் இறங்கி ஹோஸை நசுக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாயை மிதித்த மாதிரிதான். பெட்ரோல் வராமல் இன்ஜின் என்ன செய்யும், பாவம்!

வண்டித் தளம் துருப்பிடித்தபோது புதுத் தகடு அடித்து போல்ட் போட்டது அண்ணன். கேன் ஏற்றும்போது என் கால் ஓட்டையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்த வேலை.

வெளியே வந்து சொன்னேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"நான் போட்டதா?" என்றான். "அதனாலதான் உருண்டுச்சா?"

அவன் கடைக்குள் போய் ஸ்பானரோடு வந்து, வெள்ளைச் சட்டையோடு அடியில் படுத்துவிட்டான். நீள போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிக் குட்டையாகப் போட்டான். போன் செய்ததும் மெக்கானிக் 'நாளைக்கு' புது ஹோஸும் ரப்பரும் கொண்டு வந்து மாட்டினான். "லோடு ஏத்திப் பாத்திருக்கணும்க்கா" என்று தலையைச் சொறிந்தான். அவன் இன்றைக்கே வந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

டிப்போவுக்குப் போய் முழு லோடு ஏற்றினேன். நான் கூப்பிடாமலே அண்ணன் என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். மேட்டின் அடிவாரத்தில் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான்.

"வண்டி உருண்டுச்சுன்னு கேட்டதிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதான் விக்கறேன்னு நின்னேன்" என்றான், என்னைப் பார்க்காமல்.

"இறங்கிக்கறியா?"

"நீ விடு."

இரண்டாவது கியரில் விட்டேன். போன வாரம் வண்டி உருண்டு நின்ற அதே சுவரைத் தாண்டும்போதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. இன்ஜின் ஒரு சின்ன இருமல்கூட இல்லாமல் இழுத்தது. உச்சியில் நிறுத்தியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அண்ணனின் போன் அடித்தது. வண்டியை வாங்க வந்தவர். கடை வாசலில் நிற்கிறேன், வண்டி எங்கே என்று அவர் கத்துவது எனக்கே கேட்டது.



"அது என் தங்கச்சி வண்டிங்க" என்றான் அண்ணன். "அவளையே கேட்டுக்குங்க."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, இறங்கிப் பின்னால் போய் முதல் கேனைத் தோளில் தூக்கினான். அந்த மனுஷர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார், நான் போனைக் காதில் வைத்தேன்.

"விக்கறதுக்கு இல்லைங்க" என்றேன்.