மத்தேயோ கேட்ட விடை

அமெரிக்காவில், டெக்சாஸின் இர்விங் நகரில் விஷாகாவுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவன் சபரியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். சென்னையில் மேற்கத்திய இசை படித்திருந்ததால், பக்கத்துத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் சம்பளமில்லாமல் பாடப் போனாள். அங்கேதான் மத்தேயோ அவளைப் பிடித்துக்கொண்டார்.

நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் திருப்பலி வழிபாட்டுக்கு இசை எழுதியவர் மத்தேயோ. சின்ன வயதிலேயே, குரலுக்காக ஒரு பிரபு அவரைக் கொண்டுவந்து தன் தேவாலயத்தில் வைத்துக்கொண்டார். பிறகு ரோமிலிருந்து அழைப்பு வந்தது. மத்தேயோ விடை கேட்டார். பிரபு சம்பளத்தை உயர்த்தினாரே தவிர, விடை கொடுக்கவில்லை. ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் மத்தேயோ ஒரு திருப்பலி இசை எழுதினார். அவற்றில் ஒன்றைப் பழைய பிரதியிலிருந்து, குழுவினர் பாடும்படி இன்றைய இசைக்குறியீட்டில் விஷாகா எழுதி முடித்தாள்.

குழுவை நடத்தும் கரோல் பூரித்துப்போனார். மத்தேயோவின் ஊருக்கே போய்ப் பாடுவது என்று முடிவாயிற்று.

சபரி தலையில் கைவைத்துக்கொண்டான். "வெளிய போனா திரும்பி வர கான்சுலேட்ல விசா ஸ்டாம்பிங் பண்ணணும். ரிஜெக்ட் ஆச்சுன்னா? நீ அங்க, நானும் ஓவியாவும் இங்க. வேணாம் விஷா."

"தெரியும்" என்றாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவள் இல்லாமல் இத்தாலியில் நடக்கப்போகும் கச்சேரிக்கு முன் திரையிட, மத்தேயோவைப் பற்றி அவள் பேசியதைச் சபரி போனில் பதிவு செய்தான். பிரபு இறந்ததும் மத்தேயோவுக்கு விடுதலை கிடைத்தது. மூட்டை கட்டி ஊர் எல்லைவரை போனவர், ரோமில் தன்னைத் தெரிந்தவர் யாரும் உயிரோடு இல்லை என்று திரும்பி வந்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

சபரி போனைத் தாழ்த்தினான். "நாம ஊருக்கே போயிடலாமா? அங்க நீ வேலைக்குப் போலாம்."

சோபாவிலிருந்து மகள் ஓவியா கத்தினாள். "நோ வே! மை ஸ்கூல் இஸ் ஹியர்!"

விஷாகா இருவரையும் பார்த்தாள். "இன்டர்வியூல, இத்தனை வருஷம் என்ன பண்ணேன்னு கேப்பாங்க சபரி. என்ன சொல்றது?"

அந்தப் பேச்சு அதோடு நின்றது.

கச்சேரி நாளன்று ஓவியாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, விஷாகா காரில் உட்கார்ந்து போனில் நேரலையைப் பார்த்தாள். கரோல் அவள் பெயரைச் சொன்னதும் முகம் தெரியாத கூட்டம் கைதட்டியது. பாட்டு தொடங்கியது. வெளியே யாருக்கும் கேட்காதபடி கண்ணாடிகளை ஏற்றினாள். இரைச்சலாக இருக்கிறதென்று ஏசியையும் நிறுத்தினாள். டெக்சாஸ் வெயிலில் வியர்வை வழிய, தன் பகுதியைக் கடைசி வரிவரை அவர்களோடு பாடினாள்.