மடிக்கு வந்த டிரம்

அன்று பிள்ளைகளின் பாட்டு வகுப்பில் இருந்தவர்கள்: பாட்டு டீச்சர், இரட்டைப் பையன்களோடு பல் டாக்டரம்மா, மகளோடு பேக்கரிக்காரர், மூன்று வயது பொம்மு, அவள் அம்மா, அம்மாவைப் பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அவருக்கு அந்தப் பட்டம் போகவில்லை.

பெரியவர்களும் பிள்ளைகளோடு பாயில்தான் உட்கார வேண்டும் என்பது வகுப்பின் விதி. முழங்கால் மடங்காவிட்டாலும் அவர் நாற்காலி கேட்கவில்லை. முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

வகுப்பு வரவேற்புப் பாட்டோடு தொடங்கும். டிரம் வட்டமாகக் கை மாறி வரும். டீச்சர் பெயர் சொல்லிப் பாடியதும் அந்தப் பிள்ளை இரண்டு தட்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும். பொம்மு தட்டமாட்டாள். டிரம் அடுத்த பிள்ளையிடம் போனபிறகு வெறும் பாயை இரண்டு தட்டு தட்டுவாள். தாத்தாவைத் தவிர யாரும் அதைக் கவனித்ததில்லை.

"இன்னிக்கும் தட்டலைன்னா கைக்குழந்தைங்க வகுப்புக்கு மாத்திடலாம்மா" என்று டீச்சர் வாசலிலேயே சொல்லியிருந்தார்.

பொம்முவின் பெயரைப் பாடியாயிற்று. அவள் தட்டுவதற்காக டிரம் பக்கத்தில் தாத்தாவின் மடியில் இருந்தது. பொம்மு அசையவில்லை.

"சரி, அடுத்தவங்ககிட்ட குடுங்க சார்" என்றார் டீச்சர்.

தாத்தா டிரம்மின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "இவ முறை இன்னும் முடியல."

"அப்பா, மானம் போகுதுப்பா. குடுத்துடுங்க" என்று மகள் காதோரம் கெஞ்சினாள்.

"குடுத்தாத்தான் போகும். பேசாம உக்காரும்மா."

"பசங்க எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாங்க?" என்றார் டாக்டரம்மா.

"உங்க க்ளினிக்ல நாங்க காத்திருக்கறதைவிடக் கம்மிதான்."

பேக்கரிக்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

டீச்சருக்கு முகம் சிவந்தது. "இது என்ன சார், ரயில்வே ஸ்டேஷனா?"

"ஸ்டேஷன்ல வண்டி லேட்டுன்னா ப்ளாட்பாரத்தைப் பேத்து எடுத்துட்டுப் போகமாட்டோம் டீச்சர்."

இரட்டையரில் ஒருவன் கொட்டாவி விட்டான். பொம்மு டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கை எழுந்தது. ஒரு தட்டு. தாத்தா பிடியைத் தளர்த்தவில்லை. இன்னொரு தட்டு.

அதன்பிறகே விளிம்பிலிருந்து கையை எடுத்து, டிரம்மை டாக்டரம்மாவிடம் நீட்டினார். அடுத்த வாரமும் பொம்மு அதே வகுப்பில், அதே இடத்தில்தான் உட்கார்ந்தாள். அவள் தட்டும்வரை டீச்சர் காத்திருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் டீச்சர் கையிலிருந்து டிரம்மைப் பிடுங்கினார் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. பிடுங்கவில்லை. முறைப்படி மடிக்கு வந்ததை, முறை முடியும்வரை கொடுக்கவில்லை.