மைக்செட் சமுத்திரத்தின் நான்கு பொத்தான்கள்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. வன்னியம்பட்டித் தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தபடியே போனில் போட்டு அணைக்க ஒரு கருவி மாட்ட வேண்டியிருந்தது. அதற்காக ராஜபாளையத்திலிருந்து வந்தவள் யுவராணி. ஏணி மேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் சிணுங்கியது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, பந்திப் பாட்டு போட்டாச்சு, கேக்கலயா? மாமாவுக்குப் பசிக்குது. ரசம் அடுப்பு மேல இருக்கு, செத்த சூடு பண்ணிக் குடுங்க."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு மோட்டார் மறந்துபோனது. ஒருவருக்குப் பசித்தால் பாட்டு ஏன் போட வேண்டும்? கேட்டேன், சொன்னாள். இரண்டாம் முறை வந்தபோது முகம் வாடியிருந்தது. அப்போது இன்னும் கொஞ்சம் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. மோட்டார் ஒழுங்காக ஓடித் தொலைக்கிறது. கதைக்காக அதைக் கெடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆகவே முன்பாதி அவள் சொன்னது, பின்பாதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: தென்காசி சாலையில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை வேளையில்—

(அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் அதைப் பற்றித்தான் ஊரே பேசும். கதை காதில் ஏறாது.)

இரண்டாம் தொடக்கம்: சமுத்திரத்துக்குப் பேச்சு போன அன்று—

(அழுகையில் ஆரம்பித்தால் கைக்குட்டை தேடுவதிலேயே பாதிக் கதை போய்விடும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மைக்செட் வைத்திருந்தவர். யுவராணியின் மாமனார். கல்யாணப் பந்தலில் இன்னது நடக்கிறதென்று யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள், பாட்டுதான் சொல்லும். ஒரு பாட்டு மாறினால் பந்தியில் இலை விழுந்துவிட்டதென்று தெருக்கோடியில் நிற்பவருக்கும் தெரியும். கேசட்டெல்லாம் ஹார்டுடிஸ்குக்கு மாறியபோதும் அவர் படத்தின் பெயரிலோ பாடியவர் பெயரிலோ பாட்டை வைக்கவில்லை. அவருடைய ஃபோல்டர்களின் பெயர்கள் இப்படி இருந்தன: வரவேற்பு, முகூர்த்தம், பந்தி, மாப்பிள்ளை வர லேட்டாகும், சாவு வீட்டுக்குத் துஷ்டி.*

* காதல் பாட்டெல்லாம் வரவேற்பில் இருக்குமென்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பாதி பந்தியில் கிடந்தது. தாளம் விறுவிறுவென்று போனால்தான் பரிமாறுகிறவன் கால் நடக்கும் என்பது அவர் கட்சி.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. மிஞ்சியது 'அது' என்ற ஒரே சொல். தண்ணீரும் அது, வலியும் அது. மகன் காளிராஜ் ராஜபாளையத்தில் மில் ஃபிட்டர். அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான்.

யுவராணிக்குத் தொழிலே வீடுகளில் விளக்கையும் விசிறியையும் கேமராவையும் ஒரே சாஃப்ட்வேரில் கோத்துவிடுவதுதான். சொந்த வீட்டிலும் கோத்திருந்தாள். அதில் மாமனாரின் ஹார்டுடிஸ்கையும் சேர்த்தாள். அவருடைய இடது கைக்கு எட்டும்படி கட்டில் ஓரச் சுவரில் நான்கு பொத்தான்கள், துஷ்டிக்கு மட்டும் இல்லை. ஒன்றை அமுக்கினால் அந்த ஃபோல்டரிலிருந்து ஒரு பாட்டு ஹாலிலும் அடுப்படியிலும் பாடும், அவள் போனுக்கும் செய்தி வரும். பொழுது போகட்டும் என்றுதான் வைத்தாள். அர்த்தம் வைத்தவர் அவர். பந்தி என்றால் பசி. வரவேற்பு என்றால் இங்கே வா. மாப்பிள்ளை வர லேட்டாகும் என்றால், சும்மா கிடந்து சலிக்கிறது, வாசலுக்குக் கூட்டிப்போ. முகூர்த்தம் என்றால் கக்கூஸ். அதைத் தள்ளிப்போட முடியாதல்லவா.

மனுசர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்.

3

இந்த இடத்தில் எனக்கு யுவராணி மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளை எழுதினால் யார் நம்புவார்கள்? முந்தைய வடிவத்தில் அவளுக்கு ஈடாகக் காளிராஜைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டுத்தான் சட்டையையே கழற்றுகிறான். அவனை வைத்து என்ன செய்ய?

உண்மை என்னவென்றால் அவளுக்கும் எரிச்சல் வரும். வாடிக்கையாளரிடம் கேமரா விலை பேசும்போது பின்னால் கெட்டிமேளம் முழங்கும். "யார் வீட்டுக் கல்யாணம்மா?" என்று கேட்பார்கள். ஒரு காலையில் அடுப்படி ஸ்பீக்கரை அணைத்தே வைத்துவிட்டாள். பிறகு தானே போட்டாள். அன்று மதியம் வடித்த சோற்றில் கூடுதலாக நெய் விட்டு மாமனாருக்குக் கொடுத்தாள். இப்போது நம்புகிறீர்களா?

4

தப்பு இப்படி நடந்தது. ஹார்டுடிஸ்கில் பாதிப் பாட்டுக்குப் பெயரே இல்லை. ஒரே பாட்டு பல இடங்களில் கிடந்தது. கோணலாக ஒரு வயர் போனாலே பொறுக்காதவள் அவள். பாடல்களை ஒழுங்குபடுத்தட்டுமா என்று சாஃப்ட்வேர் பணிவாகக் கேட்டது. சரி என்று தட்டிவிட்டு மாவாட்டப் போனாள். அது படம், பாடகர், வருடம் என்று அத்தனையையும் பிரித்து அடுக்கி, சமுத்திரத்தின் ஃபோல்டர்களைக் காலியாக்கி வைத்தது.

 நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்கும் வாசகருக்கு: வாடிக்கையாளர் எல்லாரிடமும் அதைத்தான் முதலில் சொல்வாள். ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் மதியம் அவர் பந்தியை அமுக்கினார். ஃபோல்டர் காலி என்றதும் சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துவிட்டது. வீடு முழுக்க ஒப்பாரி.

பக்கத்து வீட்டு ஷெரின் ஓடிவந்து, "யுவா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

சமுத்திரம் பொத்தானைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். விரல்தான் தப்பு செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மிச்சமிருந்த கையும் போகத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தவர்தான், அதன் பின் எதையும் அமுக்கவில்லை. பசித்தாலும் படுக்கை நனைந்தாலும் சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

யுவராணி எனக்குச் சொன்னது இதுவரைதான். "எம்புட்டோ வீட்டுக்குச் செஞ்சு குடுத்துருக்கேன் சார். எங்க வீட்ட நானே ஊமையாக்கிட்டேன்" என்றாள். அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கை மடியை விட்டு எழ வேண்டும். இனி அதற்கு நான்தான் பொறுப்பு.

5

அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்புகிறேன். சமுத்திரத்தோடு கடைசிவரை ஆம்ப்ளிஃபயர் பார்த்த இம்மானுவேல் அங்கே இருக்கிறார். எந்தப் பாட்டு எதற்கு என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரியவில்லை. (கதாபாத்திரங்கள் இப்படித்தான் கழுத்தறுக்கும்.)

"நான் ஒயரப் பாப்பனா, பாட்டப் பாப்பனாம்மா? அண்ணாச்சிதான் பாட்டு. அதுவும் அவிய மனப்பாடமாப் போட மாட்டாக. பந்தல எட்டிப் பாப்பாக. யாரு வாரா, இலை விழுந்துட்டா, எல்லாத்தையும் பாத்த பொறவுதான் கை போகும். பாக்காம அவியளுக்குப் பாட்டு வராது."

திரும்பி வரும் வழியெல்லாம் யுவராணி அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினாள். அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டிலுக்கு எதிரே தரையில் வாழை இலை விரித்தாள்.

"மாமா, உங்க விரல் ஒரு தப்பும் பண்ணல. நாந்தான் அடுக்குதேன்னு எல்லாத்தையும் கலைச்சுப்புட்டேன். ஒரு கல்யாணத்த முழுசா நடத்துவோம். எந்தப் பாட்டு எதுக்குன்னு நீங்க பாத்துக் கையத் தூக்குங்க."

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. காளிராஜ் இலை முன் உட்கார்ந்தான். அவள் தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, அவியல் வைத்து, சோறு போட்டாள். பக்கத்தில் டேப்லெட்டில் பாட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக ஓடின. சாம்பார் இலையைத் தாண்டி ஓடியது.

"கரை கட்டு ஏட்டி, வேட்டியில வருது" என்றான் காளிராஜ்.

சமுத்திரம் திரும்பிப் பார்த்தார். மைக்செட்காரருக்குப் பந்தியில் சாம்பார் ஓடினால் பார்க்காமல் இருக்க முடியுமா? அப்போது தவில் துள்ளலோடு ஒரு பாட்டு வந்தது. மடியிலிருந்த இடது கை மெல்ல மேலே போனது.

யுவராணி மூச்சு விடாமல் அந்தப் பாட்டைப் பந்தி ஃபோல்டரில் போட்டாள். அடுத்தது. அடுத்தது. கை மறுபடி எழுந்தது.

பந்தி முடிந்து முகூர்த்தம். துண்டை மாலையாகப் போட்டுக் கணவனைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"எனக்கு ரெண்டாங் கல்யாணமா?"

"ஒரே ஆளோடதான. சும்மா நில்லுங்க."

சமுத்திரம் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. சந்தனம் கொடுத்தாள், பன்னீர் தெளித்தாள், மாப்பிள்ளைக்குக் காத்திருப்பவள்போல வாசலில் நின்று கொட்டாவி விட்டாள். மதியத்துக்குள் நான்கு பொத்தானுக்கும் தேவையான பாட்டு சேர்ந்துவிட்டது. துஷ்டிக்கு மட்டும் எதையும் அவள் நடித்துக் காட்டவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

கடைசியில் அவர் கையே பந்திப் பொத்தானைத் தேடிப்போய் அமுக்கியது. பந்திப் பாட்டுதான் வந்தது. சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். விரலைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

7

இங்கேயே முடித்திருக்க வேண்டும். நல்ல பிள்ளையாக முற்றுப்புள்ளியும் வைத்தேன். ஆனால் யுவராணி டேப்லெட்டை அணைக்க மறந்துபோனாள். மீதிப் பாட்டுகள் ஹாலில் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் அடுப்படியில் நின்றபடியே, சட்டியில் ஒட்டியிருந்த சாம்பாரில் சோற்றைப் போட்டு வழித்து வாயில் வைத்தாள். இன்னொரு கையில் போன். கட்டிலிலிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும்.

"அது" என்று சத்தம் வந்தது. "அது. அது."

சட்டியோடு ஓடிவந்தாள். பாடுவார் யாருமில்லாத ஒரு கிளாரினெட் மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் கை உயர்ந்தே இருந்தது.

"இது எதுக்கு மாமா? பந்திக்கா?" இல்லையென்று தலை ஆடியது. வரவேற்பா, முகூர்த்தமா, எதுவுமில்லை. கை மட்டும் இறங்கவில்லை. இம்மானுவேலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாள்.

"இது தெரியும்மா" என்றார் இம்மானுவேல். "மத்தது தெரியாது, இது நான் சாப்புட்ட பாட்டு. எல்லாரும் கை கழுவிப் போன பொறவு, சமையக்காரவுக, பரிமாறுனவுக, பாத்திரம் கழுவுனவுக உக்காருவாகல்ல, அந்தப் பந்திக்கு அண்ணாச்சி இதத்தான் போடுவாக. இதுல அவசரமே இருக்காது. நாங்களும் இதப் போட்டுட்டுத்தான் இலைக்குப் போவோம்."

யுவராணி கையிலிருந்த சட்டியைப் பார்த்தாள். சமுத்திரத்தின் கை அப்போதுதான் இறங்கி, தரையில் இலை கிடந்த இடத்தைக் காட்டியது. காளிராஜ் எழுந்து போய்ப் புது இலை எடுத்துவந்து விரித்தான். அவள் கையிலிருந்த சட்டியை வாங்கினான். "உக்காரு" என்றான்.

முடிவு (அ): சமுத்திரம் வாய் திறந்து, "சாப்புடு தாயி" என்கிறார். (எழுதிவிட்டேன். டாக்டராலேயே கொடுக்க முடியாததை நான் எப்படிக் கொடுப்பது என்று அடித்தேன். அடித்த பிறகும் அடுத்த பக்கத்தில் மறுபடி எழுதிப் பார்த்தேன்.)

முடிவு (ஆ): இலையில் உட்கார்ந்ததும் யுவராணி உடைந்து— (இல்லை. அவளுக்குப் பசி.)

முடிவு (இ): மறுநாள் சுவரில் ஐந்தாவதாக ஒரு பொத்தான்—

இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையென்றால் வேறு எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பேச வைப்பதும் வைக்காததும் உங்கள் பாடு. ஆனால் காளிராஜ் இப்போதுதான் சோறு வைக்கிறான். கிளாரினெட் இன்னும் பாதிகூட முடியவில்லை. அவள் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும். அதுவரை யாரும் அவளைக் கூப்பிடாதீர்கள்.